தடித்த எழுத்தில் ஒரு விடுகதை

ஒருத்தி நெட்டை, அவள் கொக்கு. இன்னொருத்தி குட்டை, அவள் சுண்டு. இந்தப் பட்டங்களை அவர்களே ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்டதால், கேலி செய்ய நினைத்த மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று.

இப்போது சுண்டு மட்டும்தான் இருக்கிறாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன கொக்கு திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசச் சுண்டுவுக்கு வாய் வராது. எனக்கும்தான்.

வகுப்பு இதழைக் கணினியில் வடிவமைத்தவர்கள் இவர்கள் இருவரும்தான். கொக்குவுக்கு எழுத்துரு என்றால் பைத்தியம். மற்றவர்கள் ஸ்டிக்கர் சேர்ப்பதுபோல் அவள் எழுத்துரு சேர்த்தாள். ஒல்லி, குண்டு, சாய்ந்தது, நெளிந்தது என்று எதையும் விடமாட்டாள். ஒன்று பிடித்துவிட்டால் அதைத்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பாள். பெயருக்கு ஏற்ற குணம்.

இந்த இதழுக்கு அவள் ஒரு விடுகதைப் பக்கம் செய்திருந்தாள். வீட்டிலேயே முடித்துப் பள்ளிக் கணினியில் சேர்த்துவிட்டு, அச்சாகி வரும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்று சுண்டுவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மறுநாள் மாலை இதழை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். சுண்டு அந்தப் பக்கத்தைத் திறந்தாள். இந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. அதை மூடினால், பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கணினி டீச்சர் வந்து வேறொரு தமிழ் எழுத்துருவை மாற்றிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. இணையத்தில் தேடி இன்னொன்றை இறக்கினார். இப்போது தமிழ் வந்தது. ஆனால் அதைப் படிக்க நாக்கை முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அது பழைய வகை எழுத்துரு என்று டீச்சர் விளக்கினார். ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தை ஒளித்து வைத்திருக்குமாம். எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்தந்த எழுத்துருவுக்குத்தான் தெரியுமாம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் இப்படித்தான் உளறும்.

"நேரமில்லம்மா," என்றார் டீச்சர். "அவ போட்டோவை மட்டும் பெரிசா வெச்சு, நினைவஞ்சலின்னு போட்டுடலாமா?"

"அவ விடுகதை எழுதினா டீச்சர். அதைத்தான் போடணும்."

"அப்படின்னா அந்த ஃபாண்ட் அவங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லதான் இருக்கும்."

கொக்கு போன பிறகு சுண்டு அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. கொக்குவின் அம்மா முகத்தைப் பார்த்தால் என்ன பேசுவது? ஆனால் போகாவிட்டால் பக்கம் போய்விடும். மாலையில் பென் டிரைவை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்தாள். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோய், "அத்தை, ஒரு ஃபாண்ட் எடுக்கணும்" என்றாள்.

துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா இது? அவளுக்கே தன்னைக் கிள்ள வேண்டும்போல இருந்தது.

அத்தை கொக்குவின் அறையைக் கைகாட்டினாள். உள்ளே வரவில்லை. மேஜையில் தூசி படிந்திருந்தது. சுண்டு கணினியைப் போட்டாள், எழுத்துருக்கள் இருக்கும் இடத்தைத் திறந்தாள், பெயரைத் தேடி நகலெடுத்தாள். ‘போயிட்டு வரேன்’ என்றுகூடச் சொல்லாமல் ஓடி வந்துவிட்டாள்.

அவசரக் காரியம் ஆகுமா? மறுநாள் காலை பள்ளிக் கணினியில் அந்த எழுத்துருவை நிறுவியதும் நான்கு விடுகதைகள் அழகாகத் திறந்துகொண்டன. முதலாவதற்கு விடை சீப்பு. அதைச் சுண்டு உடனே கண்டுபிடித்தாள். ஆனால் தலைப்பும் ஐந்தாவது விடுகதையும் இன்னும் உளறிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கொக்கு தடித்த எழுத்தைப் போட்டிருந்தாள். அது அதே பெயரில் தனிக் கோப்பு. சுண்டு ஒல்லித் தம்பியை அழைத்துக்கொண்டு தடித்த அண்ணனை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

முக்கியமானதைத்தான் கொக்கு தடித்த எழுத்தில் போடுவாள். அது சுண்டுவுக்குத் தெரியும்.

மதிய இடைவேளையில் டீச்சரிடம் சொல்லிவிட்டு மறுபடியும் போனாள். இந்தமுறை பக்கத்தையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். அங்கேயே திறந்து சரிபார்த்துவிடலாம் அல்லவா? அத்தை நேற்றுப் போலவே அறைக்கு வெளியிலேயே நின்றாள். சுண்டு வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, நீங்களும் வர்றீங்களா? தனியா உள்ள போக எனக்கு அழுகையா வருது."

அத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கொக்கு போன பிறகு அத்தை அந்த அறைக்குள் வந்தது அன்றுதான். வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

தடித்த எழுத்தை விட்டுவிட்டுப் போனதைச் சொல்லிக்கொண்டே சுண்டு பக்கத்தைத் திறந்தாள். இந்தக் கணினியில் எல்லா எழுத்தும் அதனதன் இடத்தில் இருந்தது. ஐந்தாவது விடுகதையை அவள் சத்தமாகப் படித்தாள்.

"நூறு தடவை கூப்பிடு, ‘இதோ வந்துட்டேன்’ என்பாள். ஆனால் வரமாட்டாள். அவள் யார்?"

அதற்குக் கீழே, விடை அடுத்த இதழில் என்று இருந்தது.

சுண்டு தலையைச் சொறிந்தாள். அவளுக்குத் தெரியவில்லை. அத்தையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான் அது.

"சாப்பிடக் கூப்பிடுவேன்டி. ‘இதோ வந்துட்டேம்மா’ன்னு இங்கிருந்தே கத்துவா. சாப்பாடு ஆறிப்போயிடும். எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இங்கயே உட்கார்ந்திருப்பா. வரவே மாட்டா..."

சொல்லும்போதே சிரிப்பு உடைந்துவிட்டது. சுண்டு நாற்காலியை விட்டு இறங்கிப்போய் அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இத்தனை நாள் வீட்டிலும் பள்ளியிலும் அடக்கி வைத்த அழுகை எல்லாம் அங்கேதான் வந்தது. இருவரும் வேண்டியமட்டும் அழுதார்கள்.

அத்தை அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, தடித்த எழுத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டாளா என்று கேட்டாள். கிளம்பும்போது, நாளைக்கும் வரச் சொன்னாள்.

மாலையில் பக்கம் அச்சகத்துக்குப் போகும் முன் டீச்சர் கடைசி வரியில் விரலை வைத்தார். விடை அடுத்த இதழில் என்று போட்டிருக்கிறதே, அதை எடுத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம் டீச்சர். போட்டுடலாம்."

அடுத்த இதழைச் சுண்டு தனியாகத்தான் வடிவமைத்தாள். நான்கு விடைகளைச் சாதாரண எழுத்தில் போட்டாள். கடைசி விடையைத் தடித்த எழுத்தில் போட்டாள்:

ஐந்தாவது விடை: கொக்கு. கண்டுபிடித்தவர்: கொக்குவின் அம்மா.