தரையில் வைத்த கை

வட்டவளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, த்ரீவீல் பிடித்து அஸ்மியா அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது மணி பதினொன்று. பகல்தான். ஆனாலும் பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை.

அஸ்மியா ஹட்டனில் உளவளத்துணையாளர். மண்சரிவு மீட்புக்குப் போய் வந்தவர்களையும் அவர்களுடைய வீட்டாரையும் தேடிப் போய்ப் பேசுவது அவளுடைய வேலை. இன்றைக்கு ஜீவராஜ். ஒன்பது வருடமாக அம்புலன்ஸில் இருப்பவன். பத்தொன்பது நாளாக வேலைக்கு வரவில்லை. போனையும் எடுப்பதில்லை.

கதவைத் திறந்தது அவன் மனைவி றோசலின். தலை வாரியிருக்கவில்லை.

"வாங்க மிஸ். சத்தமா பேசாதீங்க."

உள்ளே ஈரமண் வாசனை அடித்தது. மழை விட்டு ஒரு வாரமாகியிருந்தது.

பின்னறையில் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வெறும் சிமெந்துத் தரையில் ஜீவராஜ் உட்கார்ந்திருந்தான். வலது உள்ளங்கையைத் தரையில் அழுத்தி வைத்திருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எவ்வளவு நேரமா இப்பிடி?"

"விடியக்காலையில இருந்து அவரு. அதுக்கு முந்தி நான்," என்றாள் றோசலின். "மாறி மாறி வைக்கிறோம். கைய எடுத்தா தட்டுது மிஸ்."

"எது?"

"கீழ இருக்கிறது."

பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அதற்கும் போய் ஒரு வாரமாகிறது. ஒருத்தர் தரையில் இருக்க, இன்னொருத்தர் கொஞ்சம் சோறு பொங்குவார். இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டதே இல்லை. வாசலைத் தாண்டவும் இல்லை.

மூடிய வீட்டில் ஒருவருடைய பயம் மற்றவரைத் தொற்றிக்கொள்வதை அஸ்மியா முன்பும் பார்த்திருக்கிறாள். ஒன்றுமில்லை என்று அவள் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு ஜீவராஜ்?"

தரையிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னான்.

"பூண்டுலோயா பக்கம் ஒரு லயம். வரிசை வீட்டுல பாதி மண்ணுக்குள்ள போயிருச்சு. இடிஞ்ச சுவத்துக்கு அடியில ஒரு அம்மாவோட கை மட்டும் வெளிய இருந்துச்சு. பேரு அழகம்மான்னாங்க. நாலு மணித்தியாலம் அந்தக் கையப் புடிச்சிக்கிட்டே பேசிக்கிட்டிருந்தேன். அப்புறம் மேல மண்ணு அசையுது, எல்லாரும் வெளியேறுங்கன்னு உத்தரவு வந்துச்சு. அந்தக்கா விடல. ஒரு நிமிஷம்க்கா, இந்தா வந்துடுறேன்னு சொல்லி விரல ஒவ்வொண்ணா பிரிச்சி எடுத்தேன்."

உள்ளங்கையை இன்னும் அழுத்தினான்.

"மலையே எறங்கிருச்சு மிஸ்."

"நீங்களும் உள்ள போயிருப்பீங்க," என்றாள் அஸ்மியா. "உங்க தப்பில்ல. இப்ப கைய எடுங்க. நான் இருக்கேன்."

அவன் றோசலினைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். மெல்ல அவன் கையைத் தூக்கினான்.

அமைதி. கூரைத் தகரத்திலிருந்து பனிநீர் ஒரு சொட்டு விழுந்தது.

டொக்.

அஸ்மியா தரையைப் பார்த்தாள்.

டொக். டொக்.

சத்தம் அவளுடைய கால்களுக்கு நேர்கீழே கேட்டது.

யோசிக்கவில்லை. தன் கையைத் தரையில் வைத்தாள். சிமெந்து பனிக்கட்டியாய்க் குளிர்ந்திருந்தது. அதற்கு அடியிலிருந்து அவளது உள்ளங்கையில் மெதுவாக ஒரு தட்டல். பின் அடங்கியது. அழுத பிள்ளை தாயைத் தொட்டதும் அடங்குவதைப் போல.

கையை எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். எடுக்கவில்லை. கால் மணி நேரம் போயிற்று. இந்த இருவரும் ஏன் வாசலைத் தாண்டவில்லை என்பது இப்போது அவளுக்குப் புரிந்தது.

"இப்ப மூணு பேரு," என்றாள் றோசலின், தாழ்ந்த குரலில்.

அந்தச் சொல்தான் அஸ்மியாவை உலுக்கியது.

"ஜீவராஜ், அந்த அழகம்மா இன்னும் காத்துக்கிட்டிருக்காங்க. வரமாட்டேன்னு சொல்லுங்க. உண்மையச் சொல்லுங்க."

அவன் தரையில் முகம் பதித்தான்.

"அழகம்மாக்கா... நான் வரமாட்டேன்க்கா. என்னால வர ஏலாது. மன்னிச்சிருங்க."

அதன் பிறகு அழுதான். அந்தப் பத்தொன்பது நாளில் முதல் தடவையாக. றோசலின் அவன் முதுகை அணைத்துக்கொண்டு கூடவே அழுதாள்.

அஸ்மியா கையைத் தூக்கினாள். காத்திருந்தாள்.

எதுவும் தட்டவில்லை.

"இப்பவே ஹட்டன் கிளினிக்குக்குப் போவோம். ரெண்டு பேரும் வாங்க. டொக்டரையும் பார்த்துருவோம்."

றோசலின் பூட்டையும் சாவியையும் அஸ்மியாவிடம் கொடுத்துவிட்டு, கணவனைக் கைத்தாங்கலாகப் படியிறக்கினாள். வெளிக்காற்று பட்டதும் ஜீவராஜ் நின்று, ஆழமாக மூச்சிழுத்தான். அஸ்மியா நிற்கச் சொல்லியிருந்த த்ரீவீலில் இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

அஸ்மியா கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டைக் கொண்டியில் மாட்டப் போனாள்.

ஆளில்லாத வீட்டுக்குள்ளிருந்து, உள்தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்து பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"பூட்டிட்டீங்களா மிஸ்?" என்று கேட்டான் ஜீவராஜ்.

"பூட்டியாச்சு," என்றாள் அவள். பூட்டு அவள் கையிலேயே இருந்தது.