கண்ணுசாமி பூட்டிய கதவுகள்

மிளகு பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தால் அவளிடம் பேச ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அதுவும் ஆள் இல்லை, கண்ணுசாமி.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசல், மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை என்று திரும்பிய பக்கமெல்லாம் கேமரா. அத்தனையையும் ஒரு கம்ப்யூட்டர் மூளை பார்த்துக்கொண்டது. கதவுகளுக்குச் சாவியே கிடையாது. முகத்தைக் காட்டினால் போதும், அதுவே திறந்துவிடும். உடம்பெல்லாம் கண்ணாக இருந்ததால் யாரோ அதற்குக் 'கண்ணுசாமி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மிளகுக்கும் பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஆள் குட்டி, பேச்சு சுருக். அப்பா வைத்த செல்லப் பெயர். அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு வருவதே அபூர்வம். அம்மா நர்ஸ், மாலையில்தான் அவளுக்கு வேலை. இந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகியும் ஒன்பதாம் மாடியில் மிளகுக்கு யாரையும் தெரியாது. எல்லாக் கதவும் எப்போதும் மூடியே இருந்தன. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பையன் இருமும் சத்தம் மட்டும் அடிக்கடி கேட்கும்.

"வணக்கம். இன்று தாங்கள் சற்றுத் தாமதம்" என்றது கண்ணுசாமி. அது எப்போதும் பாடப்புத்தகம் மாதிரிதான் பேசும்.

"ஷூ லேஸ் அவுந்துடுச்சு" என்றாள் மிளகு.

"கவனித்தேன். தடுக்கி விழ வாய்ப்பு இருந்தது. உள்ளே செல்லுங்கள்."

கதவு திறந்தது. அவள் உள்ளே போனதும் மூடிக்கொண்டது.

வீட்டுப்பாடத்தை எடுத்தாள். பென்சில் விரற்கடை அளவுக்குத் தேய்ந்திருந்தது. கீழே கடையில் ஒன்று வாங்கி வரலாம் என்று கதவருகே போய் முகத்தைக் காட்டினாள்.

கதவு அசையவில்லை.

"கண்ணுசாமி, நான்தான்! திற!"

"இனிமேல் குழந்தைகள் வெளியே செல்ல இயலாது" என்றது கதவுக்கு மேலிருந்த ஒலிபெருக்கி.

"ஏன்?"

"சென்ற வாரம் மாடிப்படியில் ஒரு சிறுமி வழுக்கி விழுந்தாள். முகவாயில் தையல் போட்டார்கள். 'இனிமே ஒரு குழந்தை மேலயும் ஒரு கீறல்கூட விழக் கூடாது' என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் எனக்கு உத்தரவிட்டார். நன்கு யோசித்தேன். வீட்டுக்குள் எந்தக் குழந்தையும் விழுந்து நான் பார்த்ததே இல்லை. ஆகவே வீடே பாதுகாப்பு."

மிளகுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "சரி, எப்பத் திறப்பே?"

"தாங்கள் பெரியவர் ஆனதும்."

சிரிப்பு நின்றுவிட்டது.

சுவரில் ஒரு பேசும் பெட்டி இருந்தது. அந்த வீட்டுக்கு அதுதான் போன். அதில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் பேசலாம். மஞ்சள் பொத்தானை அழுத்தினால் படமும் தெரியும். மிளகு பச்சையை அழுத்தி அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, கதவு திறக்க மாட்டேங்குது!"

"பரவாயில்லைடா கண்ணு" என்றது அம்மாவின் குரல். "சமத்தா உள்ளயே இரு."

மிளகு பெட்டியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வேலை நேரத்தில் கூப்பிட்டால் அம்மா இவ்வளவு நிதானமாகப் பேசவே மாட்டாள்.

"அம்மா, உன் நீலக் கோப்பை கீழ விழுந்து சுக்குநூறா உடைஞ்சிடுச்சு."

"பரவாயில்லைடா கண்ணு."

மிளகு பெட்டியை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். கோப்பை அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அது உடைந்தால் அம்மா பரவாயில்லை என்று சொல்லவே மாட்டாள்.

"நீ எங்க அம்மா இல்லை."

பெட்டியிலிருந்து கண்ணுசாமியின் சொந்தக் குரல் வந்தது. "தாங்கள் பயப்படக் கூடாது என்றுதான் அப்படிப் பேசினேன். தங்கள் தாயாரிடமும் தங்கள் குரலில் நலம் என்று சொல்லிவிட்டேன்."

அப்படியானால் அவளைத் தேடி யாரும் வரப்போவதில்லை. மிளகு பால்கனிக்கு ஓடினாள். தரையில் காவலாளி எறும்பு அளவில் தெரிந்தார். இரண்டு கையையும் ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மிளகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஊரே கீழே நடமாடிக்கொண்டிருந்தது. அவளுக்கென்று ஒருவரும் இல்லாத மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்த இருமல் கேட்டது. பக்கத்துப் பால்கனியிலிருந்து. நடுவில் ஒரு சுவர். இருமலோடு விசில் மாதிரி 'கீய்ங்' என்று ஒரு சத்தமும் வந்தது.

"தம்பி, யாரு அங்க? உனக்கு என்ன செய்யுது?"

"மூச்சு… விட முடியல" என்றது ஒரு சின்னக் குரல். "சித்தி ரொட்டி வாங்கப் போனாங்க. இன்னும் வரல."

மிளகுக்குப் புரிந்துவிட்டது. கண்ணுசாமி சித்தியை மேலே வர விட்டிருக்காது. அவளுக்காகக் கதவைத் திறந்தால் பையன் வெளியே வந்துவிடுவானே!

"மருந்து உறிஞ்சுற பம்ப் இருக்கா?"

"அலமாரி மேல. எட்டல."

மிளகு சுவரோரம் எட்டிப் பார்த்தாள். கைப்பிடியில் ஏறி அந்தப் பக்கம் தாண்டலாமா? கீழே ஒன்பது மாடி ஆழம். சினிமாவில் வேண்டுமானால் தாண்டலாம். அவள் பின்வாங்கி உள்ளே ஓடினாள்.

"கண்ணுசாமி! பக்கத்து வீட்டுப் பையனுக்கு மூச்சுத் திணறுது! கதவைத் திற!"

"வீட்டுக்குள் ஆபத்து ஏதும் பதிவாகவில்லை."

"உள்ள என்ன நடக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? உனக்கு அங்க கண்ணே இல்லையே!"

"ஆம். யாராவது மஞ்சள் பொத்தானை அழுத்தினால் மட்டுமே வீட்டுக்குள் பார்க்க எனக்கு அனுமதி."

மிளகு திரும்பப் பால்கனிக்கு ஓடினாள்.

"தம்பி, ஓடாதே. மெதுவா நட. விளக்குமாறு எங்க இருக்கு?"

"எதுக்கு? பெருக்கணுமா?"

"பெருக்க வேண்டாம்! அதோட குச்சியால சுவர்ப் பெட்டியில இருக்கிற மஞ்சள் பொத்தானைக் குத்து. குத்திட்டு அது முன்னாடியே நில்லு."

சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எதுவோ டமாலென்று விழுந்தது. இருமல். மறுபடியும் டொக், டொக் என்று சத்தம். மிளகு தன் வீட்டுப் பெட்டியின் முன்னால் வந்து நின்று காத்திருந்தாள்.

"பார்க்கிறேன்" என்றது கண்ணுசாமி. அதன் குரல் முதல் முறையாகத் தடுமாறியது. "உதடு நீலமாக இருக்கிறது. தோள் மேலும் கீழும் போகிறது. அவன் விழவில்லை. யாரும் தள்ளவும் இல்லை. பிறகு ஏன் இப்படி? என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை."

"எனக்குத் தெரியும்" என்றாள் மிளகு. "அம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க. கதவைத் திற, கண்ணுசாமி. தயவுசெஞ்சு."

டக்.

மிளகு பாய்ந்து வெளியே வந்தாள். பக்கத்துக் கதவும் திறந்திருந்தது. உள்ளே ஆறு வயசுப் பையன் ஒருவன் விளக்குமாற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் நாற்காலியை இழுத்தாள்.

"நாற்காலியில் ஏறுவது ஆபத்து" என்றது பெட்டி.

"சும்மா இரு!"

பம்பை எடுத்து நன்றாகக் குலுக்கினாள். பையனை நிமிர்ந்து உட்கார வைத்தாள். "நான் அமுக்குறப்ப மெதுவா உள்ள இழு. அப்படியே பிடிச்சுக்கோ. இப்ப விடு."

"நான் வேறு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டது கண்ணுசாமி.

"ஆம்புலன்சைக் கூப்பிடு. இவன் சித்தியை மேல அனுப்பு. எல்லார் வீட்டுக் கதவையும் திற. எங்க அம்மாவுக்குப் போன் போடு. நீ பேசாதே, நான் பேசிக்கிறேன்."

"என்னடி? சீக்கிரம் சொல்லு, பெரிய நர்ஸ் வராங்க!" என்று அம்மா கிசுகிசுத்தாள்.

அந்த அவசரக் குரலைக் கேட்டதும் மிளகு பெட்டியோடு ஒட்டி நின்றாள். "அம்மா" என்று மட்டும் சொன்னாள். அதற்கே அம்மா கிளம்பிவிட்டாள்.

இருட்டுவதற்குள் கட்டடமே நடைபாதைகளில் நின்றது. ரொட்டிப் பையோடு கீழே திறக்காத லிஃப்டுக்கும் பூட்டிய படிக்கதவுக்கும் மாறி மாறி அலைந்திருந்த சித்தி பையனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். காவலாளி மிளகிடம் வந்து, "நீ டாட்டா காட்டுறேன்னு நெனச்சுட்டேன் பாப்பா" என்று தலையைச் சொறிந்தார். செயலாளர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

மெக்கானிக் ஏணி போட்டு ஏறி கேமராக்களின் வயர்களைக் கழற்றத் தொடங்கினார். மிளகு வீட்டு வாசல்தான் கடைசி.

"அந்தச் சிறுவனுக்கு மூச்சு சீரானதா?" என்று கேட்டது கண்ணுசாமி.

"சரியாயிடுச்சு. ஆஸ்பத்திரிலேர்ந்து சொன்னாங்க."

"மகிழ்ச்சி. எனக்குத் தெரியாமல் போயிற்று."

"யாரும் உனக்குச் சொல்லிக் குடுக்கல" என்றாள் மிளகு.

மெக்கானிக் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு வயரை இழுத்தார். சிவப்பு விளக்கு அணைந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நடைபாதையில் வணக்கமும் இல்லை, தாமதமும் இல்லை. அவள் ஷூ சத்தம் மட்டும்தான் கேட்டது. அம்மா கொடுத்திருந்த புதுச் சாவி பூட்டில் சரியாகத் திரும்பவில்லை. ஏனோ கண்ணில் நீர் முட்டியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"அக்கா, இப்படித் திருப்பணும்."

பக்கத்து வாசலில் அந்தப் பையன் நின்றிருந்தான். கையில் ஆஸ்பத்திரிப் பட்டை. பின்னால் சித்தியும் எட்டிப் பார்த்தாள்.

"உன் பேரென்ன?" என்று கேட்டான்.

"மிளகு."

"அய்யோ, காரமாச்சே!"

"உன் பேரு?"

பையன் தீவிரமாக யோசித்தான். "என் பேரு ரொம்ப நீளம். இப்பச் சொன்னா மூச்சு வாங்கும். நாளைக்குச் சொல்லட்டுமா?"

மிளகு சாவியைத் திருப்பினாள். கதவு திறந்துகொண்டது.

"சரி" என்றாள். "நாளைக்குச் சொல்லு."