நொடிக்குப் பன்னிரண்டு படங்கள்

துறைமுகத்து வாசலில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் பெனிலா காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாவியைத் தொட்டாள். மறுகணம் தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

நடுவே ஐம்பது நிமிடப் பயணம் இருந்தது. நெரிசல், வியர்வை, மூன்றாம் ரயில்வே கேட்டில் நின்றது எல்லாம் நடந்தன. ஆனால் அவளுக்கு நடக்கவில்லை. தாவி போட்டுவிட்டால் உடல் வேலையைப் பார்த்துக்கொள்ளும், மனம் தூங்கும் என்று விளம்பரத்தில் சொன்னார்கள். ஆறு வருடத்தில் தூத்துக்குடியில் பாதிப் பேர் காதோரம் பச்சைப் புள்ளி எரியத்தான் நடமாடினார்கள். புள்ளி எரிகிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

பெனிலாவுக்கு அது கடவுள் கொடுத்த கருவி. இட்லி வேகும்வரைகூட அவளால் நிற்க முடியாது. துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளின் ஊடுகதிர்ப் படங்களைப் பார்த்துக் குறியிடும் எட்டு மணி நேரத்தையும் தாவிவிடுவாள். பாத்திரம் கழுவுவதைத் தாவுவாள். கணவன் ஆன்றோ உப்புநீக்கி ஆலையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் அதையும் தாவுவாள். ஊரிலேயே அவன் ஒருவன்தான் பச்சைப் புள்ளியைப் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டே இருப்பவன்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த பொழுதுபோக்கு, பிளாஸ்டிக் கட்டைகளால் நகர்த்துப்படம் எடுப்பது. பொம்மையின் காலை நெல்லளவு நகர்த்தி ஒரு படம். மறுபடி நெல்லளவு, மறுபடி ஒரு படம். பன்னிரண்டு படம் சேர்ந்தால் ஒரு நொடி. உயிரில்லாத பொம்மை எழுந்து நடக்கிற அந்தக் கணம்தான் அவளுக்கு வேண்டும், நகர்த்துவது வேண்டாம். தாவி வருவதற்கு முன் மூன்று படங்களைப் பாதியில் விட்டிருந்தாள். இப்போது கவலையில்லை. செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துத் தாவியைத் தொட்டால் போதும். கண் விழிக்கும்போது நாற்பது படங்கள் தயாராக இருக்கும்.

கடல் ஏறிவரும் ஓர் ஊரிலிருந்து மக்கள் படகேறுவது கதை. மொத்தம் நான்கு நிமிடம். முக்கால்வாசி முடிந்தபின் ஒரு மாலை, எடுத்ததையெல்லாம் ஓடவிட்டுப் பார்த்தாள்.

படகுத்துறைக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் உண்டு. ஆயிரமாவது படத்தை ஒட்டி அதில் ஒரு நீலக் கட்டை முளைத்தது. அடுத்த படத்தில் இன்னொன்று. கூட்டம் படகை நோக்கி நடக்க நடக்க, பின்னால் சுவர் மெல்ல மெல்ல நிறம் மாறியது. கடைசியில் அது எழுத்தாக நின்றது.

நான் தூங்கலை.

"கட்டையைத் தொட்டீங்களா?" என்று கத்தினாள்.

ஆன்றோ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். "நான் எதுக்குட்டி தொடப் போறேன்? ஒரு கட்டை நகந்தா ஊரையே கூட்டி நியாயம் கேப்பியே."

மறுநாள் பெனிலா தாவி நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்த சுகந்தி என்கிற பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"இது எல்லாருக்கும் உள்ளதுதான் மேடம். மனசு தூங்குதுன்னு விளம்பரத்துக்குச் சொல்லுதது. முழிச்சுதான் இருக்கும். அந்த நேரத்து நினைவு உங்க பக்கம் வராது, அந்தப் பக்கம் சேரும். அவ்வளவுதான்."

"அந்தப் பக்கம்னா? அங்க யாரு இருக்கா?"

"நீங்கதான். வேற யாரு?"

"அப்ப ஆறு வருஷமா அந்தப் பேருந்து, அந்தப் பெட்டிப் படம், எல்லாத்தையும் ஒருத்தி உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கா?"

"பூட்டு போட்டிருக்கு மேடம். சொன்ன வேலையைத் தவிர கை அசையாது, வாய் பேசாது. உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. கட்டை நகத்துதது நீங்க சொன்ன வேலைங்கதால அது மட்டும் முடிஞ்சிருக்கு."

பெனிலா மேசைமேல் குனிந்தாள். "பூட்டைத் திறக்க முடியுமா?"

"ஒரு கையெழுத்துதான். ஆனா யாரும் கேக்க மாட்டாங்க."

பெனிலா கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலை மேசையில் வேலைக்குப் பதிலாக ஒரு கேள்வியை எழுதி வைத்தாள். "உனக்கு என்ன வேணும்?" தாவியைத் தொட்டு விழித்தபோது, அவளுடைய கையெழுத்திலேயே, ஆனால் நிதானமாக, பதில் இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கடற்கரை."

கொடுத்தாள். ஞாயிறு ஐந்து மணிக்குத் தாவி, எட்டு மணிக்கு விழித்தாள். சுடிதாரின் ஓரம் நனைந்து மணல் ஒட்டியிருந்தது. ஆன்றோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க ஆலை மூணாம் பம்ப் கதையை நான் எப்பமோ சொன்னது. ஒரு வார்த்தை விடாம ஞாபகம் வச்சிருக்கியே!"

பெனிலாவும் சிரித்துவைத்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை. ஆன்றோவிடம் விஷயத்தைச் சொல்லிவிட நினைத்து, சொல்லாமல் விட்டாள்.

படம் முடிந்தது. கடைசி நூறு படங்களில் பொம்மைகளின் நடை மாறியிருந்தது. கைக்குழந்தையோடு படகேறும் ஒரு பொம்மை ஒரு கணம் தயங்கித் திரும்பிப் பார்த்தது. பெனிலா எழுதிக் கொடுக்காத தயக்கம் அது. படத்திலேயே நல்ல இடமும் அதுதான். மதுரையில் நடக்கும் நகர்த்துப்பட விழாவுக்குத் தேர்வானது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மேசையில் ஒரு தாள் கிடந்தது. "நகத்தினது முழுக்க நான். விழாவுக்கு நான் போகட்டுமா?"

அதன் கீழே பெனிலா எழுதினாள். "முடியாது. கதை என்னுது. வேற எது வேணும்னாலும் கேளு."

பதில் வரவில்லை.

விழா நாளன்று காலையில் ஆன்றோவுடன் மதுரைப் பேருந்தில் ஏறினாள். ஜன்னலோர இடம். நல்ல காற்று. எட்டயபுரம் தாண்டுவதற்குள் கால் ஆடத் தொடங்கியது. இன்னும் இரண்டு மணி நேரம். பத்து நிமிடம் பொறுத்தாள். பிறகு கை தானாகக் காதுக்குப் போனது. மண்டபத்து வாசலில் விழித்துக்கொள்ளலாம்.

விழித்தபோது எதிரே ஒரு சரக்குப் பெட்டியின் படம் இருந்தது.

துறைமுக அலுவலகம். கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்தாள். காதைத் தொடப் பார்த்தாள். கை எழும்பவில்லை. அது தன்பாட்டுக்குத் திரையில் குறிமுள்ளை நகர்த்தி, படத்தின் நடுவில், பார்த்தாகிவிட்டது என்பதற்கு ஒரு மஞ்சள் புள்ளி வைத்தது. வாயைத் திறக்கப் பார்த்தாள். அதுவும் முடியவில்லை. நாற்பது நொடிக்கு ஒரு பெட்டியாக எட்டு மணி நேரம் போனது. ஒவ்வொரு நொடியும் போனது.

அடுத்து பேருந்து. அடுத்து பாத்திரம் கழுவும் தொட்டி. பின்னால் ஆன்றோ சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தான்.

"மதுரைக்காரன் எல்லாம் எந்திரிச்சு நின்னுல்லா கை தட்டுனான்! திரும்பிப் பாக்கிற அந்தப் பொம்மையைப் பத்தி மேடையில நீ பேசினதும் நானும் சேந்து தட்டுனேன். திரும்பி வரும்போது தாவி நிலையத்துக்குப் போகணும்னு சொன்னப்பதான் கொஞ்சம் எரிச்சலா வந்துச்சி. நல்ல நாளும் அதுவுமா ஏதோ பூட்டுக்குக் கையெழுத்துப் போட வரிசையில நிக்கணுமான்னு." அவள் தோளில் கை வைத்தான். "ஆனா ஒண்ணு சொல்லுதேன் பெனி, இப்பல்லாம் உன்கூட இருக்கது நல்லாருக்கு."

அவன் கை தோளில் இருக்கும்போதே கடைசித் தட்டு கழுவி முடிந்தது.

மறுபடி சரக்குப் பெட்டி. நடுவில் ஓர் இரவு போனதா, ஒரு வாரம் போனதா, தெரியவில்லை. பெனிலா மனதுக்குள் அலறினாள். யாரையோ திட்டினாள். திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை என்பது உறைத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

கூடத்தில் நாற்பது பேர். நாற்பது காதுகளிலும் பச்சைப் புள்ளி. ஒவ்வொரு பெட்டியின் படமும் இன்னும் இரண்டு பேர் பார்த்துக் குறியிட்ட பிறகுதான் அவளிடம் வரும். அவள் குறியிட்டதும் சரிபார்க்க அவர்களிடமே திரும்பிப் போகும். அவள் கை தன் புள்ளியை வைக்க, அவள் மற்றவர்கள் வைத்த புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.

மூன்றாம் மணி நேரத்தில்தான் அது கண்ணில் பட்டது. ஒரு புள்ளி வைக்க வேண்டிய இடத்திலிருந்து நெல்லளவு தள்ளியிருந்தது. அடுத்த பெட்டியில் இன்னொரு பக்கம் நெல்லளவு. வேறு யாராக இருந்தாலும் கை நடுக்கம் என்று விட்டிருப்பார்கள். பெனிலா போன படத்தை மனதில் நிறுத்தி அதன்மேல் இந்தப் படத்தை வைத்தாள். அதன்மேல் அடுத்ததை. இருநூறு பெட்டி, நானூறு பெட்டி. புள்ளி நகர்ந்தது. வளைந்தது, சுழித்தது, கீழே இறங்கியது. எழுத்து எழுத்தாகச் சேர்ந்தது.

இங்க யாரு முழிச்சிருக்கா?

அவளுக்குக் கூடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கழுத்து திரும்பவில்லை. ஆனால் புள்ளி வைப்பது அவளுக்குச் சொல்லப்பட்ட வேலை.

முழு மனத்தையும் விரல் நுனிக்குக் கொண்டுவந்தாள். குறிமுள் நெல்லளவு விலகியது. பெனிலா முதல் புள்ளியை வைத்தாள். 'நான்' என்று எழுதி முடிக்க எழுபது பெட்டிகளாவது வேண்டும். அடுத்த பெட்டி திரைக்கு வர நாற்பது நொடி ஆகும்.

அவள் காத்திருந்தாள்.