ஒரு நட்டும் ஒரு வாய்த் தண்ணீரும்

“மெரின்! உங்க சித்தப்பாகிட்ட சொல்லு. கிளட்ச்ச எரிச்சவரு வாயத் தொறக்கக் கூடாதுன்னு!”

“மெரின்! உங்கப்பாகிட்ட சொல்லு. எரிச்சது யாருன்னு முதலியார்பேட்டை பூரா தெரியும்னு!”

கத்திய இருவருக்கும் நடுவே மூன்றடி தூரம்கூட இல்லை. அந்த மூன்றடிக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் பக்கத்தில் பத்து வயது மெரின், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலியோடு நின்றாள்.

அப்பா கிறிஸ்துதாஸ் மூத்தவர். வீட்டின் முன்பகுதி அவருக்கு. சித்தப்பா அந்துவான் இளையவர், மில்லில் ஃபிட்டர். பின்பகுதி அவருக்கு. பொங்கலுக்கு வாங்கிய அந்தப் பழைய வண்டி மட்டும் இருவருக்கும் பொது. ஒற்றைப்படைத் தேதியில் அண்ணன் ஓட்டுவார். இரட்டைப்படைத் தேதியில் தம்பி ஓட்டுவார். தெருவே மெச்சிய ஏற்பாடு!

ஜனவரி முப்பத்தொன்று வந்தது. அண்ணன் ஓட்டினார். மறுநாள் பிப்ரவரி ஒன்று. அதுவும் ஒற்றைப்படைதானே என்று அண்ணனே மறுபடி சாவியை எடுத்தார்.

போதாதா? அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. மே மாதம் வந்தும் பேச்சு கிடையாது. சண்டை மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. எல்லாம் மெரின் வழியாகத்தான். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் மெரின் வாயால் வந்தால்தான் வந்த கணக்கு.

இப்போது கிளட்ச் எரிந்துபோயிருந்தது. மெக்கானிக் பக்கிரியிடம் அண்ணன் போய்த் தம்பியைக் குறை சொன்னார். தம்பி போய் அண்ணனைக் குறை சொன்னார். “கேஸ் நடத்தறதுன்னா கோர்ட்டுக்குப் போங்க. இது ஒர்க்‌ஷாப்பு” என்று பக்கிரி இருவரையுமே அனுப்பிவிட்டார். அதனால்தான் சனிக்கிழமை மத்தியானம் வேலை வீட்டு முற்றத்துக்கு வந்தது. பக்கத்திலேயே இருக்கும் என் வீட்டு ஜன்னலிலிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. ஜன்னல் கம்பி அழுக்காக இருந்ததால் துடைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மெரினுக்கு அழுகை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். மறுநாள் காலை ஏழு மணிப் பூசையில் அவளுக்குப் புதுநன்மை. முதல் முறையாக நற்கருணை வாங்கப் போகிறாள். அவளுக்குப் பின்னால் அப்பா நிற்க வேண்டும். ஞானஸ்நானத்தில் அவளை ஏந்திய ஞானத்தகப்பன் என்ற முறையில் சித்தப்பாவும் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

“அவன் வந்தா நான் வாசல்லயே நின்னுப்பேன்” என்று சொல்லியிருந்தார் அப்பா.

“அவரு நிக்கற வரிசையில நான் நிக்க மாட்டேன்” என்று சொல்லியிருந்தார் சித்தப்பா.

சித்தப்பா கிளட்ச் மூடியைக் கழற்றி, நட்டின் மேல் மடங்கியிருந்த வாஷரை உளியால் தட்டி நிமிர்த்தினார். கிளட்ச்சின் நட்டநடுவில் இருந்தது அந்த நட்டு. அதைக் கழற்றினால்தான் கிளட்ச் வெளியே வரும். ஸ்பானரைப் போட்டுத் திருப்பினார். நட்டோடு கிளட்ச்சும் சேர்ந்து சுற்றியது.

கியரில் போட்டுப் பின்பிரேக்கை அழுத்தினால் கிளட்ச் சுற்றாது. மெரின் ஏறி நின்று அழுத்திப் பார்த்தாள். அவள் எடைக்குப் பிரேக் பிடிக்கவில்லை. எடைக்கு என்று பார்த்தால் அந்த வீட்டில் அப்பா ஒருவர்தான்.

அப்பா முறைத்தபடி வண்டியில் ஏறினார். தேய்ந்த பிரேக். எழுந்து நின்று மொத்த பாரத்தையும் போட்டால்தான் பிடிக்கும். அதுவும் இரண்டு மூச்சு நேரம்தான்.

“மெரின், அந்தத் தடிமாட்ட அழுத்தச் சொல்லு!”

“அப்பா, கொஞ்சம் அழுத்துவீங்களாம்.”

அப்பா அழுத்தினார். ஆனால் சித்தப்பா அதற்கு முன்பே இழுத்துவிட்டார். கிளட்ச் சுற்றியது. ஸ்பானர் நழுவி, அவர் விரல் முட்டி ஃபுட்ரெஸ்டில் இடித்தது.

“வேணும்னே லேட்டா அழுத்தறாரு!”

“ஸ்பானர் புடிக்கத் தெரியாதவனுக்கு மில்லுல ஃபிட்டர் வேலையாம்!”

மறுபடி முயன்றார்கள். அப்பா அழுத்திக் களைத்துக் காலை எடுத்த பிறகு சித்தப்பா இழுத்தார். இன்னொரு விரல் போயிற்று. சித்தப்பா ஸ்பானரை வீசினார். அப்பா வண்டியை உதைத்தார். வலி அப்பாவுக்குத்தான்.

“நாளைக்கு நான் கோயிலுக்கே வரல. சொல்லிடு!” என்றார் சித்தப்பா.

“வராட்டி ரொம்ப நல்லதுன்னு சொல்லு!”

மெரின் காலைத் தரையில் ஓங்கி மிதித்தாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவளுடைய இரண்டு கன்னமும் பூரி போல உப்பியிருந்தன. வாய் நிறையத் தண்ணீர்.

“மெரின், அழுத்தச் சொல்லு” என்றார் சித்தப்பா.

“ம்ம்ஹும்.”

“தண்ணியத் துப்புடி!” என்றார் அப்பா.

தலையை மட்டும் ஆட்டினாள்.

“முழுங்கவாவது முழுங்கேன்!”

அதற்கும் தலையாட்டல்தான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கே ஜன்னலை மூடலாமா என்று தோன்றியது. மூடவில்லை.

சித்தப்பா ஸ்பானரைப் பொறுக்கி வந்து நட்டில் மாட்டினார். வானத்தைப் பார்த்து, “யாராவது அழுத்தினா நல்லாருக்கும்” என்றார்.

“எப்போன்னு யாராவது சொன்னா நல்லாருக்கும்” என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

வானமும் சுவரும் பதில் சொல்லவில்லை. சித்தப்பா இழுத்தார். மூன்றாவது விரல்!

“அழுத்துண்ணே! இப்போ! இப்போ அழுத்துண்ணே!”

“அழுத்திட்டேன்டா! இழுடா தம்பி! இழு!”

டக்.

நட்டு கழன்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பிளந்து நின்றார்கள். மெரினால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயிலிருந்த தண்ணீர் பாதி அப்பாவின் லுங்கியிலும் பாதி சித்தப்பாவின் தலையிலும் தெறித்தது.

“மூணு மாசமா ஏன்டா எங்கிட்ட பேசல?”

“நீ பேசினியாண்ணே?”

“நான் மூத்தவன்டா!”

“மூத்தவன்னா முப்பத்தொண்ணும் ஒனக்கு, ஒண்ணாந்தேதியும் ஒனக்கா?”

“முப்பத்தொண்ணாந் தேதி வண்டிக்கு லீவு!” என்று மெரின் கத்தினாள். “யாரும் தொடக் கூடாது. மாசம் பூரா உங்க ரெண்டு பேரையும் சொமக்குதே, அதுக்கு ஒரு நாள் லீவு வேணாமா?”

இருவரும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்கள். முப்பது தம்பிக்கு, ஒன்று அண்ணனுக்கு. சரியாகத்தான் வந்தது.

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றார் அப்பா.

“நீங்க எங்க என்னைப் பேச விட்டீங்க? உங்க பேச்சத்தான பேசிக்கிட்டிருந்தேன்!”

புது பிளேட் போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. பெரிய மார்க்கெட்டிலிருந்து பூவோடு வந்த அம்மா, இருவரும் நேருக்கு நேர் கத்திக்கொள்வதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். மறுநாள் காலை அப்பா முன்னால், வெள்ளைக் கவுனில் மெரின் நடுவில், அவள் பூமுடி பறந்துவிடாமல் பிடித்தபடி சித்தப்பா பின்னால் என்று வண்டி கிளம்பியது. “கியர மாத்துண்ணே!” “எனக்குத் தெரியும்டா!” என்ற சத்தம் தெருமுனை வரை கேட்டது. கோயிலில் மட்டும் இருவரும் மெரினுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

அடுத்த வருஷம் அந்துவான் ஸ்டெல்லாமேரியைக் கட்டிக்கொண்டார். அவளுக்கு ஊருக்கு வெளியே காலாப்பட்டில் வேலை. அதனால் குடித்தனமும் அங்கேயே என்று முடிவானது. சாமான் ஏற்றிய அன்று மறுபடி ஒரே கூச்சல். என் மத்தியானத் தூக்கமே போயிற்று. ஓடிப்போய் எட்டிப் பார்த்தால், “வண்டிய நீதான்டா எடுத்துட்டுப் போவணும்!” என்று அண்ணனும், “முடியாது, ஒனக்குத்தாண்ணே!” என்று தம்பியும் முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள்.