லிஃப்ட் பக்கத்துச் சுவர்

காலையில் மூன்று மீட்டர் முப்பத்தாறு என்று காட்டிய அறை, பிற்பகல் மூன்று மணிக்கு மூன்று மீட்டர் முப்பத்து மூன்று என்று காட்டியது.

நிஷிதா லேசர் கருவியைத் துப்பட்டாவில் துடைத்தாள். லிஃப்ட் பக்கத்துச் சுவரில் அதன் முதுகைப் பதித்து வைத்து, எதிரே சாத்தியிருந்த கதவின் மேல் சிவப்புப் புள்ளியை விழவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினாள். அதே முப்பத்து மூன்று. பாட்டரி குறைந்திருக்கும், அல்லது மழை ஈரம் உள்ளே போயிருக்கும் என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். பதினைந்து வருடமாகக் கட்டடம் வரைகிறவள். பூச்சு கொஞ்சம் முன்னே பின்னே போகும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அது மேஸ்திரி இருக்கும்போது போகும், மூன்று மணி நேரம் ஆளில்லாத அறையில் தானாகப் போகாது.

கலூர் மெட்ரோ பாலத்தை ஒட்டி, ஏழு சென்ட் இடத்தில் அவள் எழுப்பிய ஆறு மாடிக் கட்டடம் அது. கீழே மருந்துக்கடை, பல் டாக்டர், டியூஷன் சென்டர் எல்லாம் வரப்போகின்றன. உச்சி மாடி மட்டும் விலாசினி டீச்சரின் வீடு. அறுபத்தாறு வயதில் தன் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அதே இடத்தில் டீச்சர் கட்டச் சொன்னது. நாளைக் காலை ஏழு இருபதுக்குப் பால் காய்ச்சிக் குடிபுகுதல். வேலையாட்கள் மதியமே கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மணிக்குக் கரண்ட் போனதிலிருந்து லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே மிதுன மாதத்து மழை தெருவையே தின்றுகொண்டிருந்தது. அறைக்குள் சுவர்ப் புட்டியும் பெயிண்டும் ஈர சிமெண்டும் கலந்த வாசனை. டீச்சரின் பழைய ஈட்டிமரக் கட்டில் மட்டும் காலையில் ஆறு மாடி ஏறி வந்து, தலைமாட்டை லிஃப்ட் சுவரில் சாய்த்துக் கிடந்தது.

டீச்சர் இந்தக் கட்டடத்தில் எதையுமே பிடிவாதமாகக் கேட்கவில்லை. கண்ணாடி வேண்டுமா வேண்டாமா, கல் கறுப்பா வெளுப்பா, எல்லாம் உன் இஷ்டம் மோளே என்று விட்டுவிட்டார். தான் படுக்கும் அறையின் சுற்றளவை மட்டும் வாஸ்து ஆசாரியின் கணக்குப்படி வைக்கச் சொன்னார். இந்த ஊரில் சர்ச்சுக்குப் போகிறவர்கள்கூட அதை விடுவதில்லை. அறையைச் சுற்றி அளந்து, விரல் கணக்கில் வகுத்தால் அதற்கு ஒரு வயது வரும். பால்யம், கௌமாரம், யௌவனம், முதுமை, மரணம். முதல் மூன்றும் நல்லது. நான்காவதை யாரும் விரும்புவதில்லை. ஐந்தாவதை யாரும் கட்டுவதில்லை.

ஸ்கூட்டரில் வந்து, செல்போனிலேயே கணக்குப் போட்டு, யௌவனத்துக்கு அறையின் நீளம் மூன்று நாற்பத்தைந்து என்று எழுதிக் கொடுத்தவன் உல்லாஸ் ஆசாரி. மூன்று மாதத்துக்கு முன் லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் வந்து குழி ஒன்பது சென்டிமீட்டர் போதவில்லை என்றார்கள். ஒன்பது சென்டிமீட்டர் என்றால் மூன்று விரல். நிஷிதா சுவரை அறைக்குள் மூன்று விரல் தள்ளிக் கட்டச் சொன்னாள். அன்று ராத்திரி ஆசாரியின் வயதுப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். மரணம்.

திருத்தியிருக்கலாம். ஆனால் திருத்தினால் வீடு முடிய ஒரு மாதம் தள்ளிப்போகும், அதற்குள் கர்க்கடகம் பிறந்துவிடும், அந்த மாதத்தில் யாரும் வீடு குடிபோக மாட்டார்கள். பிறகு அடுத்த சிங்க மாதம் வரை காத்திருக்க வேண்டும். மூன்று விரலுக்காகவா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. படத்தில் பழைய எண்ணையே விட்டுவைத்தாள். டீச்சர் கேட்டபோது, ஆசாரி மறுபடி பார்த்துவிட்டான் டீச்சர் என்றாள். டீச்சர் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

இன்று மதியம் கணக்கு முடிக்கும்போதுதான் டைல்ஸ் மேஸ்திரி ரஃபிகுல் வந்து குறை சொன்னான். லிஃப்ட் சுவரோரம் அவன் மூன்று விரல் அகலத்துக்கு வெட்டிப் பதித்த கடைசி வரிசை, இப்போது இரண்டரை விரல்தான் இருக்கிறதாம். உடைசல் இல்லை, கீறல் இல்லை. சுவர் மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றான். நன்றாகத் தூங்கு என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இப்போது அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு விரல்.

லேசரை நம்பாமல் இரும்பு டேப்பை எடுத்தாள். பெட்டியை லிஃப்ட் சுவரோடு ஒட்டி வைத்து, நாக்கை இழுத்துக்கொண்டு போய்க் கதவின் அடியில் முட்டி, டேப்பின் பூட்டைத் தள்ளினாள். கதவின் கீழே ரப்பர் பட்டை இன்னும் போடவில்லை, ஒரு விரல் இடைவெளி இருந்தது. டேப் தரையில் மஞ்சளாக நீட்டிப் படுத்துக்கொண்டது. கட்டிலில் உட்கார்ந்து உல்லாஸைப் போனில் கூப்பிட்டாள். சுற்றி வளைத்துத்தான் கேட்டாள், மரணச் சுற்றில் ஓர் அறை அமைந்துவிட்டால் அது யாரைப் பிடிக்கும் என்று.

"என்ன சேச்சி, நீங்களா எங்கிட்ட கணக்கு கேக்கறது? அதான் மழை இப்படிக் கொட்டுது," என்றான் உல்லாஸ். "சாவி யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான். நாளைக்குக் காலைல டீச்சர் நமக்கு வேட்டி முண்டு குடுத்து சாவியை வாங்கிக்கற வரைக்கும் வீடு நம்மளுது, அதோட குத்தமும் நம்மளுது. அப்புறம் நமக்கென்ன, பாயசத்தைக் குடிச்சுட்டுக் கிளம்பலாம். ஆமா, டீச்சர் ரூம் நான் குடுத்த அளவுதானே?"

ஆமாம் என்றாள். சாவிக்கொத்து அவள் இடது கையில் இருந்தது. அதை எப்போது எடுத்தாள் என்று நினைவில்லை.

போனை வைத்த பிறகு சுவருக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. லிஃப்ட் குழிக்குள் மணல் பொடி உதிர்ந்து ஆறு மாடி கீழே விழும் மெல்லிய சரசரப்பு. பிறகு, ஈர மாவை அம்மியில் மெதுவாக இழுப்பது போல ஒன்று. நின்றது. மறுபடி இழுத்தது. லேசரை அழுத்தினாள். மூன்று முப்பது.

பட்டியலைப் போனில் திறந்து, சுற்றளவைக் கூட்டிப் பார்த்தாள். பால்யம்.

அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. மரணத்துக்கு அந்தப் பக்கம் மறுபடி பால்யம்தானே, வட்டம்தானே இது. அறை தன் பிழையைத் தானே சரிசெய்துகொண்டுவிட்டது. இதை யாரும் நம்ப மாட்டார்கள், யாருக்கும் சொல்லவும் வேண்டாம். இப்படியே இரு என்று சுவரிடம் வாய்விட்டுச் சொன்னாள். தன் குரல் அந்த அறையில் சுருக்கமாக, நெருக்கமாகக் கேட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று இருபத்தேழு. கௌமாரம். அதுவும் நல்லதுதான்.

மூன்று இருபத்து நான்கு. யௌவனம். டீச்சர் கேட்ட அதே வயது. இங்கேதான் நிற்கும், இதற்காகத்தான் நகர்ந்தது என்று அவள் நிச்சயமாக நம்பினாள். மெட்ரோ ரயில் ஒன்று பாலத்தில் போவது தெரிந்தது. ஜன்னலில் அதன் வெளிச்சம் மட்டும் ஓடியது, சத்தம் வரவில்லை. இரட்டைக் கண்ணாடி, பஞ்சு அடைத்த கதவு. இந்த அறையைச் சாத்திவிட்டால் ஊரே இல்லாத மாதிரி இருக்கும் என்று அவள்தான் டீச்சருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஐந்து நிமிடம் எண் அப்படியே இருந்தது. நாளை மறுபடி அளந்துகொள்ளலாம் என்று எழுந்தாள்.

தரையில் டேப்பின் நாக்கு முனையைக் காணவில்லை. கதவுக்கு அடியில் போயிருந்தது.

மூன்று இருபத்தொன்று.

மூன்று பதினெட்டு. மரணம்.

அங்கேயும் நிற்கவில்லை. கருவி தானாகவே எண்ணைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது, அவள் பொத்தானைத் தொடவே இல்லை. மூன்று பன்னிரண்டு. மூன்று மீட்டர். இரண்டு தொண்ணூறு. பால்யம் கௌமாரம் எல்லாம் கணக்குப் பார்க்க முடியாத வேகத்தில் உருண்டன. கதவை நோக்கி ஓடினாள். பின்னால் கட்டில் கால்கள் டைல்ஸில் இழுபட்டன. கைப்பிடியைத் திருகி உள்ளே இழுத்தாள். கட்டிலின் கால்மாடு அவள் முழங்கால் மடிப்பில் வந்து இடித்து, கதவையும் நிறுத்தியது. நான்கு விரல் திறந்தது. அதற்கு மேல் இல்லை.

அந்த இடுக்கில் முகத்தை வைத்து மூச்சு இழுத்தாள். கட்டில் மரம் தொடையில் அழுந்தியது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தபோதுதான் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி ஏறி வரும் சத்தம். விலாசினி டீச்சர், கையில் துணி சுற்றிய நிலவிளக்கோடு.

"ஏன் மோளே, கட்டிலைக் கொண்டுபோய்க் கதவுல முட்டி வெச்சிருக்க?" டீச்சர் இடுக்கு வழியாகப் பார்த்தார். இருட்டில் அவருக்கு நிஷிதாவின் முகம் சரியாகத் தெரிந்திருக்காது. "மெதுவா நகத்திக்கிட்டு வா, அவசரமில்ல. பூஜை அறைச் சாவியை மட்டும் இப்படிக் குடு. விளக்கை உள்ள வெச்சுட்டு வந்துடறேன். கை வலிக்குது."

பூஜை அறைச் சாவியும் வீட்டுச் சாவியும் ஒரே கொத்து. டீச்சரின் கை இடுக்குக்குள் வந்தது, சுருங்கிய, சுண்ணாம்புக்கட்டி பிடித்துப் பிடித்துத் தேய்ந்த விரல்கள். அந்தக் கொத்து இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று நிஷிதாவுக்குத் தெரியும். தெரியாது என்று பின்னால் அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

கட்டில் இன்னும் ஒரு விரல் அழுந்தியது. கொடுத்துவிட்டாள்.

உடனே எல்லாம் அடங்கியது. தொடையிலிருந்து அழுத்தம் விலகியது, கட்டில் பின்னால் போனது, டேப்பின் நாக்கு யாரோ உள்ளிருந்து இழுப்பது போல வழுக்கிக்கொண்டு கதவுக்குள் வந்து, அடிவிளிம்பில் சரியாக நின்றது. நிஷிதா கதவைத் திறந்து வராந்தாவில் விழுந்து எழுந்தாள். வெட்கமில்லாமல் அழுகை வந்தது. திரும்பிப் பார்த்தபோது அறை பெரிதாக, வெளிச்சமாக, அவள் வரைந்த மாதிரியே இருந்தது.

டீச்சர் விளக்கை வைத்துவிட்டு வந்து, செருப்பை வாசலில் கழற்றினார். அழாதே, வீடு முடிந்தால் கட்டினவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று தேற்றினார். பிறகு உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார். சாவிக்கொத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"ஆசாரி சொன்ன அளவுதானே மோளே?"

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் சாவி திரும்பி வரும். நிஷிதா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அஞ்சு நிமிஷம் படுத்துப் பாக்கறேன். கதவைச் சாத்தினா ஒரு சத்தமும் வராதுன்னு சொன்னியே, பாப்போம்," என்று சிரித்தபடி டீச்சர் எழுந்து வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார்.

சத்தம் எதுவும் வரவில்லை. நிஷிதா அதை எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாள்.

வராந்தாவில் மழையின் வாசனை. கதவின் முன்னால் டீச்சரின் செருப்பு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒரு சாண் இடைவெளியில் கிடந்தன. போய்விடலாம் என்று நினைத்தாள். கதவுக்கு அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

டேப்பின் நாக்கு. மூன்று சென்டிமீட்டர்.

ஆறு. ஒன்பது.

கதவைத் தள்ளினாள். முதலில் கொஞ்சம் அசைந்தது. தோளால் மோதினாள். பிறகு அசையவில்லை, உள்ளே தாழ் விழுந்திருந்தது. டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டாள். பஞ்சு அடைத்த கதவு அவள் குரலையும் விழுங்கிக்கொண்டது. காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை.

நாக்கு அரை மீட்டரைத் தாண்டியது. ஒவ்வொரு எண்ணாக, சீராக, கதவின் அடியிலிருந்து பிறந்து வந்தது. தொண்ணூறு. ஒன்று பத்து. மூன்று முப்பத்து மூன்று நீளமுள்ள அறை. இரண்டு மீட்டர் கட்டில். மிச்சத்தை அவள் கணக்குப் போடவே வேண்டியிருக்கவில்லை.

ஒன்று முப்பத்து மூன்று. இனி உள்ளே கட்டிலுக்கு மட்டும்தான் இடம்.

இங்கே நில், என்று அவள் சொன்னாள்.

நாக்கு செருப்புகள் இரண்டுக்கும் நடுவே ஊர்ந்து வந்து, அவள் கால் கட்டைவிரலைத் தொட்டது. சற்று வளைந்தது. பிறகு ஒதுங்கி, மேலும் நீண்டு போய்க்கொண்டிருந்தது.