தானித் மேட்டு ஜாடி

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒற்றைக் கையில் எடுத்துப்போய்ப் புதைத்த ஜாடி, இப்போது இரண்டு கையாலும் இழுத்தும் வரவில்லை. மண் இறுகியிருக்கும் என்று இத்திபால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காலையிலிருந்து சுண்ணாம்புச் சூளைக்குக் கல் ஏற்றிய உடம்பு. அதற்கு எதுவுமே கனம்தான்.

லெப்கி பட்டணம் வளர்ந்துகொண்டிருந்தது. ரோமாக்காரன் கேட்ட சந்தையும் தூண் வரிசையும் குளியல் மண்டபமும் கடலோரம் எழும்ப, சாந்துக்குச் சுண்ணாம்பு வேண்டும், சுண்ணாம்புக்குக் கல் வேண்டும். கல்லுக்காகக் கடைசியில், இறந்த குழந்தைகளின் சாம்பலை ஜாடியிலிட்டுப் புதைக்கும் தானித் அம்மன் மேட்டிலேயே கைவைத்துவிட்டார்கள். அங்கிருந்த நடுகற்களைச் சூளைக்குச் சுமந்ததும் இத்திபால்தான். கூலிக்காரன் என்ன செய்வான்?

"நாளைக்கு விடிஞ்சா மேட்டை நிரவிடுவோம்," என்றான் மேஸ்திரி பொஸ்தார், பேரீச்சங்கொட்டையைத் துப்பியபடி. "ஜாடியெல்லாம் சூளைக்குத்தான். உன் புள்ளைய இன்னைக்கே தூக்கிட்டுப் போயிடு. என்னய்யா, ஒரு பிடி சாம்பலுக்கா இந்த முக்கு முக்குறே? வீட்ல சோறு போடலையா?"

இத்திபாலுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது நாளில் காய்ச்சலில் போன பிள்ளை, பேர்கூட வைக்கவில்லை. "உங்க கையாலேயே அவனை மறுபடி நெருப்புல போட்டுடாதீங்க," என்று காலையில் மனைவி அரிஷாத் அழுதிருந்தாள். போட்டுவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒருவழியாக ஜாடி வந்தது. அதைக் கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டு, மண்வெட்டியைக் கையில் பிடித்து, ஒலிவத் தோப்புகளுக்கு நடுவே தெற்குப் பாதையில், ஊருக்கு வெளியே இருந்த சரிவை நோக்கி அவன் நடந்தபோது, பின்னால் உளிச் சத்தம் தேய்ந்து, கடல் சத்தம் தேய்ந்து, ஜாடிக்குள் சாம்பல் நகரும் சரசரப்பு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. புளித்த பாலின் வாடை அடித்தது. கயிறு தோளை அறுத்தது. இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தான். ஒவ்வொரு முறை எழும்போதும் பாரம் கூடியிருந்தது.

களைப்புதான். வேறென்ன?

மேற்கே வெயில் சாய்ந்திருந்தது. அவன் நிழல் இடப்பக்கம் நீண்டு விழுந்தது. குனிந்த முதுகு. அதன் மேல் ஜாடி.

ஜாடிக்குக் கீழே இரண்டு கால்கள் தொங்கின.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை. நடந்தான். நிழலில் கால்கள் ஆடின. ஒன்பது வயதுப் பையனின் கால்கள்.

சரிவு வந்தது. மண்வெட்டியை எடுத்தான். கயிற்றை அவிழ்க்கத் தோளைத் தடவினான். கயிறு இல்லை. மெலிந்த விரல்கள் இருந்தன. சூடாக. சூளைக் கல்லைப் போல.

பயம் வந்தது. அதோடு, வெட்கம்கெட்ட ஒரு சந்தோஷமும்.

முழம் அகலத்துக்குக் குழி வெட்டினான். "போதும்டா கண்ணு," என்றான். குரல் உடைந்தது. "இறங்கு. அப்பாவால முடியல."

"பத்தாதுப்பா," என்றது காதோரம். "நீயும் படுக்கணும்ல."

இத்திபால் மறுபடி வெட்டினான். தன் நீளத்துக்கு. கழுத்தைக் கட்டியிருந்த கைகளில் ஒன்று விலகி, களைத்த அவன் மார்பை மெல்லத் தட்டிக்கொடுத்தது. தட்டத் தட்ட, அந்த மார்பிலிருந்து குழிக்குள் சாம்பல் உதிர்ந்தது.