ஒரு வலிக்கு ஒரு ஆள் போதும்

கோயமுத்தூரில் "ஐயோ" என்ற சொல் செத்து வெகு காலம் ஆகியிருந்தது. பேருந்துக் கதவில் விரல் நசுங்கியவன், "அண்ணா, கதவச் சித்தெ தெறங்க, வெரலு மாட்டிக்கிச்சு" என்று சாவதானமாகச் சொன்னான். நடத்துனரும் இன்னொருவருக்குப் பாக்கிச் சில்லறை கொடுத்து முடித்துவிட்டுத்தான் திறந்தார். பல் டாக்டர்கள் ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நோயாளியிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே பல்லைப் பிடுங்கினார்கள். எல்லார் தலையிலும் வளையம் இருந்தது.

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நோவடக்கி. ஜனங்களுக்கு அது வெறும் வளையம்தான். நெற்றியிலிருந்து பின்மண்டை வரை சுற்றி வரும் மெல்லிய காந்தப் பட்டை. உடம்பின் எந்த மூலையில் அடிபட்டாலும் சேதி மூளைக்குப் போகிறது. மூளைக்குள் ஓரிடம் அந்தச் சேதியை வலி என்று படிக்கிறது. வளையத்தின் காந்தப்புலம் அந்த இடத்தைத் தூங்க வைத்துவிடும். சமாசாரம் அவ்வளவுதான். கல்யாணச் சீர்த்தட்டில் வளையம் வந்தது. பெண்களுக்கு மல்லிகைச் சரம் மாட்டக் கொக்கி வைத்த வளையம் வந்தது.

இந்தப் பெருமையில் பாதி தெய்வசிகாமணிக்குச் சேரும். எந்த வைத்தியம் நல்லது என்று எடைபோட்டு, வளையத்துக்கு விதியும் எழுதிய வலித்தணிப்பு ஒப்பீட்டுக் குழுவின் தலைவர் அவர்தான். நேர்மையான மனுஷர். லஞ்சம் வாங்க மாட்டார், யாருக்கும் பரிந்து பேசவும் மாட்டார். கடைசியாக அவர் கைக்கு வந்தது, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் மிச்சமிருந்த இயற்கை வலித்தணிப்புப் பிரிவு. அதை வைத்துக்கொள்வதா, மூடிவிடுவதா என்று அவர் சொல்ல வேண்டும்.

அங்கே கிடந்தவர்கள் வளையம் போடக் கூடாதவர்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் தலையில் வளையம் ஏறினால், காந்தம் பட்டுக் கருவி தாறுமாறாக ஓடி ஆளையே முடித்துவிடும். வலி மாத்திரை செய்த கம்பெனிகளோ வாங்க ஆளில்லாமல் எப்போதோ மூடிப்போயிருந்தன. ஆகவே இவர்களுக்கு வெந்நீர் ஒத்தடம், நொச்சித் தைலம், மூச்சுப் பயிற்சி. எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தில் உட்கார ஓர் ஆள். அப்படி உட்காருகிறவர்களில் ஒருத்தி சாந்தாமணி, தெய்வசிகாமணியின் சம்சாரம். சொந்தப் பெண்டாட்டி வேலை பார்க்கிற இடத்தையே எடை போடப் போகிறாரே என்று ஊர் மெச்சியது. அவரும் தன்னை மெச்சிக்கொண்டார்.

அவர் பார்வையிட வந்த அன்று சாந்தாமணி, அம்சவேணி என்ற பெண்ணுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேஸ்மேக்கர் வைத்த பெண், எலும்பில் புற்று. துணி எந்த இடத்தில் பட்டால் அந்தப் பெண் துடிப்பாளோ, அந்த இடத்துக்கு முன்னாலேயே சாந்தாமணியின் கை தானாக நின்றது, ஒதுங்கியது, மெல்ல வேறு பக்கம் போனது. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கும்போது இவள் முகமும் சுருங்கியது, கண்ணில் நீர் வழிந்தது. அந்த ஊரிலேயே நல்ல உடம்பை வைத்துக்கொண்டு வளையம் போடாமல் திரிந்தவள் இவள் ஒருத்திதான்.

"ஏ அம்மிணி, நீ எதுக்கு அழுவுற? வலி அந்தப் புள்ளைக்குத்தான?" என்று கேட்டார் தெய்வசிகாமணி.

"அவளுக்கு வலிக்கறது எனக்குத் தெரியறதாலதானுங்க கை சரியாப் போவுது. வளையம் போட்டா என் கை குருடாப் போயிருமுங்க."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

"நம்ம வலியப் படிக்கற எடமும் அடுத்தவங்க வலியப் படிக்கற எடமும் மண்டைக்குள்ள ஒண்ணுதானாமா. டாக்டருங்களே ஒரு காலத்துல சொன்னதுதானுங்க. ஒண்ணு தூங்குனா இன்னொண்ணும் தூங்கிப் போயிரும். எடை போடத்தான வந்தீங்க? சித்தெ அந்த வளையத்தக் கழட்டிப்போட்டு இவ கையப் புடிச்சுப் பாருங்க. பொறவு எழுதுங்க."

அம்சவேணி அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அந்தக் கை நடுங்கிக்கொண்டே அந்தரத்தில் நின்றது.

"எடை போடறவன் தராசுல ஏறக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே தெய்வசிகாமணி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அறிக்கையை அவர் நேர்மையாகவே எழுதினார். வளையத்தால் வலி உடனே ஒழிகிறது. இயற்கை முறையில் ஓர் ஆள் பகல் முழுக்க மெனக்கெட்டால் வலி பாதி குறைகிறது. மெனக்கெடுகிறவருக்கு அந்தப் பாதி வந்து சேர்கிறது. மனைவி சொன்னதையும் விடாமல் குறித்து, பக்கத்தில் 'ஆதாரமில்லை' என்று போட்டார். கடைசி வரி அவருக்கே ரொம்பப் பிடித்திருந்தது: 'ஒரு வலிக்கு ஒரு ஆள் போதும், இரண்டு பேர் கஷ்டப்படுவது எந்தக் கணக்கிலும் சேராது.' பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. பள்ளிக்கூடச் சுவர்களில்கூட எழுதினார்கள்.

பிரிவு மூடப்பட்டது. அம்சவேணியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் அத்தனை பேரும் வளையக்காரர்கள். அவள் கத்திக் கத்தியே போய்ச் சேர்ந்தாள். பக்கத்து அறையில் சீட்டாட்டம் ஒரு நாளும் நிற்கவில்லை.

சேதி கேட்ட சாந்தாமணி படுத்த படுக்கையாகிவிட்டாள். சோறு இறங்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. தெய்வசிகாமணிக்கு அது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. ஒப்பீட்டுக் குழுத் தலைவர் வீட்டிலேயே அழுகைச் சத்தம் கேட்டால் ஊர் என்ன சொல்லும்?

"வளையத்தப் போட்டுக்க. எல்லாஞ் சரியாப் போயிரும்."

"போட்டா நான் நானா இருக்க மாட்டனுங்க. வேண்டாமுங்க."

"நல்லாத்தான் இருப்ப" என்று அவரே கொக்கி வைத்த வளையத்தை வாங்கி வந்து, மல்லிகைச் சரத்தோடு அவள் தலையில் ஏற்றினார். தடுக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அன்று சாயங்காலமே அவள் எழுந்து குளித்துப் பணியாரம் சுட்டாள். அம்சவேணியைப் பற்றிப் பேசினால், "ஆமாங்க, பாவம்" என்றாள். பேருந்து தாமதமானால் சொல்வோமே, அந்தக் குரலில். தெய்வசிகாமணி நிம்மதியாகச் சாப்பிட்டார்.

சில மாதம் கழித்து, சாந்தாமணி கையால் சோறு தின்று வளர்ந்த தெருநாயின் காலில் லாரி ஏறிவிட்டது. அது இழுத்துக்கொண்டு வந்து இவர்கள் வாசலில் விழுந்து ஊளையிட்டது. காலையில் கோலப்பொடியோடு வந்தவள், நாயைச் சுற்றியே கோலம் போட்டாள். புள்ளி ஒன்றுகூடத் தப்பவில்லை. "கோலம் பிரமாதம்" என்று சொல்லிவிட்டு, தெய்வசிகாமணி நாயைத் தாண்டி ஆபீசுக்குப் போனார்.

அடுத்த ஆடியில் அவர் ஆபீஸ் படிக்கட்டில் மயங்கி விழுந்தார். இதயம் விட்டு விட்டுத் துடித்ததாம். பேஸ்மேக்கர் வைத்தார்கள். கண் விழித்தபோது தலை லேசாக இருந்தது. தடவிப் பார்த்தார், வளையம் இல்லை.

"இனி அது உங்களுக்கு ஆகாதுங்க சார்" என்றார் இளம் டாக்டர், சிரித்த முகமாக. "விதி நீங்க எழுதுனதுதானுங்களே. வீட்டுல அவங்க தாராளமாப் போட்டுக்கலாம். ஒரு முழத்துக்கு மேல காந்தம் எட்டாது."

வெட்டிய புண் ஆறுவதற்குள் நெஞ்சைச் சுற்றி அக்கி வந்தது. கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. நரம்புக்குள் நெருப்பு மட்டும் அணையவில்லை. சட்டை உரசினால் கொள்ளிக்கட்டையால் இழுத்த மாதிரி இருந்தது. வலியையே மறந்துபோன உடம்பு அது. தெய்வசிகாமணி குழந்தை மாதிரி கத்தினார். தெருவில் போகிறவர்கள் நின்று, அது என்ன சத்தம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வலியோடு கூடவே இன்னொன்றும் விழித்துக்கொண்டது. அந்தரத்தில் நடுங்கிய அம்சவேணியின் கை கண்ணிலேயே நின்றது. நாயின் ஊளை காதில் கேட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது. ஆனால் வெட்கத்தைவிட வலி பெரிதாக இருந்தது. உலகத்தில் அவருக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சாந்தாமணியின் கை.

"ஒத்தடம் குடுக்கறயா, அம்மிணி?"

"குடுக்கறனுங்க, அதுக்கென்ன." உடனே வெந்நீர் வைத்தாள். துணியை நனைத்து, டிவியில் ஓடிய சமையல் நிகழ்ச்சியைப் பார்த்தபடியே அவர் நெஞ்சில் அழுத்தித் தேய்த்தாள்.

"ஐயோ!"

"இந்த வார்த்தையக் கேட்டு எத்தன காலமாச்சுங்க!" என்று சிரித்தாள். "சூடு பத்துலீங்களா? இன்னுங் கொஞ்சம் கொதிக்க வெக்கட்டுங்களா?"

"வளையத்தக் கழட்டு, சாந்தா. சித்த நேரம். உன்னோட பழைய கை வேணும் எனக்கு."

அவள் யோசித்தாள். "கழட்டுனா உங்க வலி எனக்குந் தெரியுமுங்களே. ஒரு வலிக்கு ஒரு ஆள் போதும்னு நீங்கதான எழுதுனீங்க?" அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டவும் கொஞ்சம் வலி வேண்டும். வழி கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

தெய்வசிகாமணி எட்டி அந்த வளையத்தைப் பிடுங்கித் தரையில் வீசினார்.

சாந்தாமணி தலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. "அடக் கடவுளே, இப்புடியா வெந்து கெடக்கறீங்க..." துணியை எடுத்து ஆற்றினாள், பிழிந்தாள். கை நெஞ்சுக்கு வந்தது. எரிகிற இடத்துக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றது, ஒதுங்கியது, இதமாக இறங்கியது. தெய்வசிகாமணிக்கு மூச்சு வந்தது. "அப்பாடா" என்றார். எந்த வளையமும் இப்படி இருந்ததில்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வலி போகவில்லை, ஆனால் அதில் அவர் தனியாக இல்லை.

சாந்தாமணி சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"வாசல்ல அந்த நாயி... நாயச் சுத்திக் கோலம் போட்டனேங்க. என் கையில சோறு தின்ன நாயிங்க. அந்த அம்சவேணிப் புள்ளைய, போனாப் போவுதுன்னு பேசுனனே... கொதிக்கற துணிய உங்க நெஞ்சுல வெச்சுட்டுச் சிரிச்சனேங்க!" வளையத்துக்குள் கழிந்த ஒவ்வொரு நாளும் ஒன்றாகச் சேர்ந்து அவள் மேல் விழுந்தது. அவள் கண் தரையில் கிடந்த வளையத்தின் மேல் போனது.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாஞ் சாந்தா. போட்டுறாத. உன்னக் கும்பிடறேன்."

"உங்க வலிய நான் தாங்கிக்குவனுங்க" என்றாள் அழுதுகொண்டே. "மத்ததுதான் தாங்க முடியலீங்க."

நோயாளியின் பிடி எவ்வளவு நேரம் தாங்கும்? உதறிவிட்டு, வளையத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். தோள் தளர்ந்தது. கன்னம் ஈரமாக இருந்ததை முந்தானையால் துடைத்தாள். எதற்கு அழுதோம் என்று ஞாபகம் இருந்தது, வலிக்கத்தான் இல்லை.

"ரசஞ் சாதம் கொண்டு வரட்டுங்களா?" என்றாள்.

தெய்வசிகாமணி கத்த ஆரம்பித்தார். சாந்தாமணி டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தாள். அதுவும் பற்றாமல் போகவே, வெளியே வந்து கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள். உடம்பு சரியில்லாத மனுஷர், சத்தம் கேட்டால் தொந்தரவாக இருக்குமே.